விருந்தாளிகள் உட்கார்ந்த பிறகு

மேஜைத் துணியில் சுருக்கம் விழாமல் விரிப்பது எப்படி, கோபத்தோடு வரும் விருந்தாளியிடம் எந்தக் குரலில் பேசுவது என்பதற்கெல்லாம் உங்களுக்கு வகுப்புகள் இருக்கின்றன. அதைச் சொல்ல நான் வரவில்லை. விருந்தாளிகள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அடுப்படியில் எல்லாம் தயார், வாசலில் மாலை போட்டு வரவேற்றும் ஆகிவிட்டது. அந்த நேரத்தில் விருந்தை நிறுத்தவேண்டி வந்தால் என்ன செய்வீர்கள்? ஓய்வு பெறும்வரை எத்தனையோ இன்டர்வியூக்களில் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. எனக்கு அது படிக்கும்போதே வந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசியில் தில்லியில், உங்களைப்போலவே, ஹோட்டல் மேனேஜ்மென்ட் படித்தேன். வீடு சரோஜினி நகரில், அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அப்பா மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கிளார்க். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து கல்யாணத்துக்கு முன்பே தில்லி வந்தவர், ஆனால் பேச்சில் ஊர் அப்படியே இருக்கும். நான் என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால், "மேனேஜ்மென்ட் படிக்கா" என்பார். ஹோட்டல் என்ற வார்த்தையை மட்டும் விழுங்கிவிடுவார். "என்ன மேனேஜ்மென்ட் சார்?" என்று மேலும் கேட்டால், "மேனேஜ்மென்ட்தான்" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கக் கிளம்பிவிடுவார்.

அவரோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது.

"படிப்பு முடியும்போது நல்ல எடத்துல வேலை கையில இருக்கணும். இல்லைன்னா கிளார்க் பரீட்சை எழுதணும். என்னட்டி, சரியா?"

"சரிப்பா."

சரி என்று சொன்னேனே தவிர, கிளார்க் பரீட்சை எழுதும் எண்ணம் எனக்கு இல்லவே இல்லை. எங்கள் வகுப்பில் பெண்கள் கொஞ்சம்தான். ரிசப்ஷனில் நின்று சிரிப்பதற்குத்தான் எங்களைச் சேர்த்திருக்கிறார்கள் என்று ஆசிரியர்களே வெளிப்படையாகச் சொல்வார்கள். எனக்கு விருந்துகளை நடத்தவேண்டும். ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் சூடாகச் சாப்பிட்டு எழுந்துபோவதற்குப் பின்னால் ஒரு மூளை வேலை செய்கிறதே, அந்த மூளையாக இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி கடைசி வருஷத்து மதிய விருந்து.

அந்த விருந்தை முழுக்க மாணவர்களே நடத்துவார்கள். தில்லியின் பெரிய ஹோட்டல்களிலிருந்து வேலைக்கு ஆள் எடுக்கும் பர்சனல் மேனேஜர்கள் வருவார்கள், சாப்பிட்டுப் பார்த்து, யார் யார் எப்படி வேலை செய்கிறார்கள் என்று கவனித்து, பிடித்தவர்களைக் கூப்பிட்டு அனுப்புவார்கள். எங்கள் வருஷம் பெற்றோர்களையும் அழைத்திருந்தார்கள். அன்றைய நாளுக்கு மேனேஜராக என்னைப் போட்டிருந்தார் பிரின்சிபால். கோட்டில் குத்திக்கொள்ளும் பித்தளை பேட்ஜ் ஒன்று தருவார்கள். நான் அதைப் புடவையில் குத்திக்கொண்டேன்.

சமையலறைக்குத் தலைவன் குர்மீத். எனக்கு அந்தப் படிப்பில் கிடைத்த நல்ல நண்பன். குளிர்ந்த பதார்த்தங்களை அலங்கரித்து வைக்கும் கலையில் அவனுக்குப் பைத்தியம். ஒரு முழு மீனை வேகவைத்து, ஆறவைத்து, அதன்மேல் வெள்ளரிக்காயைக் கண்ணாடிபோல மெல்லிசாகச் சீவிச் செதில் செதிலாக அடுக்கி, அது உயிரோடு நீந்துவதுபோலச் செய்து வைத்திருந்தான். அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெரிய ஹோட்டலின் பர்சனல் மேனேஜர் வருவதாகச் சொல்லியிருந்தார். அந்த மீன்தான் அவனுக்கு வேலை வாங்கித்தர இருந்தது.

ஆகஸ்ட் மாதம். முந்தின நாள் கொட்டித் தீர்த்த மழை காலையில்தான் விட்டிருந்தது. எங்கள் இன்ஸ்டிடியூட் வாசலில் தண்ணீர்க் குழாய் வேலைக்காக ரோட்டைத் தோண்டிப் போட்டுப் பல நாளாகியிருந்தது. பள்ளம் முழுக்கக் கறுப்புத் தண்ணீர். மேலே ஒரு பலகை போட்டிருந்தார்கள். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி உள்ளே போனேன். அப்போது அதைப்பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

எல்லோருக்கும் முன்னால் வந்தவர் அப்பாதான். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கையில் குடை. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நானே ஒரு கண்ணாடித் தம்ளரில் எலுமிச்சை சர்பத் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இதெல்லாம் யாருட்டி செய்தது?"

"நாங்கதாம்பா."

"பூ வச்சதெல்லாமா?"

"எல்லாம்."

அவர் சர்பத்தை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்களுக்கெல்லாம் சர்பத் போனது.

மேஜைகளுக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனேன். நிறைத்து வைத்த ஜக்கு ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு வாடை. பலமாக ஒன்றும் இல்லை. மழைக்காலத்தில் சாக்கடை ஓரமாக நடந்தால் வருமே, அதுதான், ஆனால் தூரத்திலிருந்து. பக்கத்தில் நின்ற பையனை முகர்ந்து பார்க்கச் சொன்னேன். "ஒண்ணும் இல்லையே" என்றான். இன்னொரு பெண் முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். குழாயைத் திறந்துவிட்டேன். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் ஓடிய பிறகு மறுபடியும் அந்த வாடை.

வாசலுக்கு ஓடிப்போய்ப் பள்ளத்தைப் பார்த்தேன். முந்தின நாள் வரை வெளியே தெரிந்த பழைய குழாய் இப்போது தண்ணீருக்கு அடியில் இருந்தது. அடுத்த காலனியின் சாக்கடை நிரம்பி அந்தப் பள்ளத்தில்தான் வழிந்துகொண்டிருந்தது. தில்லியில் அப்போதெல்லாம் தண்ணீர் விடும் நேரம், விடாத நேரம் என்று உண்டு. விடாத நேரத்தில் குழாயில் எங்காவது ஓட்டை இருந்தால் வெளியே இருப்பது உள்ளே போகும். இதைச் சுகாதாரப் பாடத்தில் படித்திருந்தோம். மார்க்குக்காகப் படித்தது. பள்ளத்தின் ஓரத்தில் நின்றபோது அப்பா கையில் இருந்த காலித் தம்ளர்தான் கண் முன்னால் வந்தது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிற்க வேண்டும். எனக்கு எதுவும் நிச்சயமாகத் தெரியாது. தண்ணீரைப் பரிசோதிக்க நேரம் கிடையாது. மூன்று பேர் முகர்ந்து பார்த்ததில் ஒருவனுக்கு வாடையே இல்லை. நம் தொழிலில் நெருக்கடி பெரும்பாலும் இப்படித்தான் வரும். தீப்பிடித்தால் தீ என்று எல்லோருக்கும் தெரியும், அது எவ்வளவோ தேவலை. பாதி தெரிந்து பாதி தெரியாமல் வருவதுதான் ஆளைக் கொல்லும்.

நேரே குர்மீத்திடம் போனேன். நாங்கள் இந்தியில்தான் பேசிக்கொள்வோம், உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"குர்மீத், தண்ணீர் மேலே எனக்குச் சந்தேகமா இருக்கு. பச்சையா எதுவும் வெளியே போகக்கூடாது. சாலட், பழம், ஐஸ் எல்லாத்தையும் நிறுத்து."

"அரே, என்ன பேசறே? எல்லாரும் உட்கார்ந்தாச்சு."

"தெரியும்."

"சரி, சாலட் போகட்டும். மீன் நேத்தே வேகவச்சது. மழைக்கு முன்னாடி."

"வெள்ளரிக்காய்?"

வெள்ளரிக்காயை அன்று காலையில்தான் கழுவிச் சீவியிருந்தான். அவன் கண்கள் சட்டென்று சிவந்துவிட்டன.

"வடிவு, அந்த ஆள் இந்த மீனைப் பார்க்கத்தான் வந்திருக்கார். உனக்கு நல்லாத் தெரியும்."

"தெரியும். இருந்தாலும் அது போகக்கூடாது."

"வெறும் சந்தேகத்துக்கா?"

"ஆமா."

யாரோ போய்ச் சொல்லி, பிரின்சிபால் அதற்குள் வந்துவிட்டார். கெட்டவர் என்று அவரைச் சொல்லமாட்டேன். அந்த இன்ஸ்டிடியூட்டை அரும்பாடுபட்டு வளர்த்தவர், ஒவ்வொரு வருஷமும் அந்த விருந்தை நம்பித்தான் மாணவர்களுக்கு வேலை வாங்கிக்கொடுத்து வந்தார். ஜக்கை வாங்கி முகர்ந்து பார்த்தார்.

"எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வை. பரிமாற ஆரம்பி."

"சார், பரிமாற முடியாது."

"இன்றைக்கு நீ மேனேஜர் என்பது பயிற்சிக்காக, வடிவு. நிஜமாகவே மேனேஜர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே."

பேட்ஜைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "அப்படியானால் இதை நீங்கள் குத்திக்கொள்ளுங்கள் சார். நீங்களே பரிமாறச் சொல்லுங்கள். செய்கிறோம்."

அவர் பேட்ஜைப் பார்த்தார், கூடத்துப் பக்கம் பார்த்தார். கை நீட்டவில்லை.

"என்னவோ செய்," என்றார் கடைசியில். "ஆனால் தண்ணீர் என்ற வார்த்தை வெளியே வரக்கூடாது. கேஸ் அடுப்பில் கோளாறு என்று சொல்."

இதை மட்டும் நன்றாக மனத்தில் வையுங்கள். ஒருவர் உங்களுக்கு உத்தரவு போடுகிறார் என்றால், அதன் பொறுப்பையும் அவர் ஏற்கிறாரா என்று பாருங்கள். ஏற்காவிட்டால் அது உத்தரவு இல்லை, அவருடைய ஆசை. ஆசையைக் காது கொடுத்துக் கேட்கலாம், கட்டாயம் நிறைவேற்ற வேண்டும் என்பதில்லை.

கேஸ் கோளாறு என்று சொல்வது சுலபம்தான். குர்மீத்தும் அதையே சொன்னான். எனக்கும் ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் சர்பத் குடித்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்களே! அவர்களிடம் பொய் சொல்லி அனுப்பிவிட்டால், நாளைக்கோ மறுநாளோ உடம்புக்கு ஏதாவது வந்தால் எதனால் என்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டரிடமும் சொல்லத் தெரியாது. அவர்களில் ஒருவர் என் அப்பா. அவர் அப்பாவாக இல்லாவிட்டால் பொய் சொல்லியிருப்பேனா என்று பிற்காலத்தில் என்னை நானே கேட்டிருக்கிறேன். மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அவர் அங்கே இருந்தது யோசிக்கும் நேரத்தைக் குறைத்தது.

கூடத்துக்குப் போய் நடுவில் நின்றேன். எல்லோரும் விருந்து ஆரம்பிக்கப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இன்று காலையில் வந்த தண்ணீர் சுத்தமானதுதான் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை. ஆகவே மெனுவில் உள்ள குளிர்ந்த பதார்த்தங்கள் எதுவும் வராது. எண்ணெயில் பொரித்ததும் நன்றாகக் கொதித்ததும் மட்டும், கொதிநீரில் போட்டு எடுத்த தட்டுகளில் வரும். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். சர்பத் குடித்தவர்கள் தயவுசெய்து ஒரு மாதம் வரை உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். காய்ச்சலோ, வயிற்றுக் கோளாறோ, கண்ணில் மஞ்சளோ தெரிந்தால் இதை டாக்டரிடம் சொல்லுங்கள்."

நாற்காலிகள் நகரும் சத்தம். மீனைப் பார்க்க வந்த பர்சனல் மேனேஜர் எழுந்தார். பிரின்சிபாலிடம் போய், "இதற்காகவா எங்களைக் கூப்பிட்டீர்கள்?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் சிலர். பெற்றோர்களில் ஓர் அம்மாள் அழவே ஆரம்பித்துவிட்டார், அவரும் சர்பத் குடித்திருந்தார். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசினேன். அப்பா இருந்த பக்கம் நான் பார்க்கவே இல்லை.

திரும்பிச் சமையலறைக்குள் வந்தபோது குர்மீத் மீன் தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பின்பக்கம் போய்க்கொண்டிருந்தான். உதவிக்குப் போன ஒருவனை, "தொடாதே" என்று அதட்டினான். தானே கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "பூரிக்கு மாவு பிசைய வெந்நீர் எங்கே?" என்று கத்தினான். அவ்வளவுதான், எல்லோரும் பறக்க ஆரம்பித்தார்கள். பூரி, உருளைக்கிழங்கு, பொரித்த மீன் துண்டுகள், கொதிக்கக் கொதிக்க டீ. கூடத்தில் மிச்சமிருந்தவர்கள் சாப்பிட்டார்கள். அந்தப் பூரிகளைப்போல உப்பலாக குர்மீத் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை. பர்சனல் மேனேஜர்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார்.

"தண்ணீர் கெட்டுப்போயிருந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாயே. உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?"

"கெட்டுப்போயிருந்தது என்று நான் சொல்லவில்லை சார். நல்ல தண்ணீர் என்று எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன்."

"இரண்டும் ஒன்றுதான்."

"இல்லை சார்."

அந்த வருஷம் பெரிய ஹோட்டல்கள் எதுவும் எங்கள் வகுப்பில் பலரைக் கூப்பிடவில்லை, என்னையும் குர்மீத்தையும் சேர்த்து. வகுப்பில் பலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, என் முடிவு அவர்கள் வேலைக்கும்தான் உலை வைத்தது.

வீட்டில் நான் ஒவ்வொரு நாள் காலையும் அப்பாவை ஜன்னல் பக்கம் நிற்கவைத்துக் கண்ணைப் பார்ப்பேன்.

"என்னத்துக்குட்டி தெனமும் இப்படி மொறச்சு மொறச்சுப் பாக்குத?"

"மஞ்சளா இருக்கான்னு பாக்கேன்."

"எனக்கு ஒண்ணும் வராது, போ."

அவருக்கு ஒன்றும் வரவில்லை. அழுத அம்மாளுக்கும் வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை யாருக்கும் எதுவும் வரவில்லை. பள்ளத்தை மூடி ரோடு போட்டுவிட்டுப் போனார்கள். அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இதைத்தான் உங்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எடுக்கும் சரியான முடிவுகள் பலவற்றுக்குச் சாட்சியே கிடைக்காது. ஒன்றும் நடக்காமல் போகும், ஒன்றும் நடக்கவில்லையே என்று உங்களையே திட்டுவார்கள். அதைத் தாங்கிக்கொள்ளத் தெம்பு இருந்தால் இந்தத் தொழிலுக்கு வாருங்கள்.

ஒரு மாதம் தாண்டிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா காபியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளார்க் பரீட்சை பற்றிப் பேசப்போகிறார் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டேன்.

"அன்னைக்கு நீ பேசினதத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்," என்றார். "எங்க ஆபீஸ்ல 'எனக்குத் தெரியலை'ன்னு எழுத ஒருத்தனுக்கும் தைரியம் கெடையாது. ஃபைலை மேல அனுப்பிருவான். மேல உள்ளவன் இன்னும் மேல அனுப்புவான். நானும் அப்படித்தான் அனுப்பியிருக்கேன், இத்தனை வருசமா."

"அப்பா..."

"நீ அந்தப் பரீட்சை எழுதாண்டாம். ஒனக்கு அங்க ஒத்துவராது. வேலைய நீயே தேடிக்க."

அடுத்த வீட்டுக்காரர் அன்று மாலை ஏதோ கேட்டபோது, "என் மக ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிக்கா" என்று அப்பா சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

குர்மீத் கடைசி வருஷப் பரீட்சை முடியும்வரை என்னோடு பேசவில்லை. கடைசி நாள் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் வந்து நின்றான்.

"வெள்ளரிக்காயை மட்டும் எடுத்துட்டுப் பரிமாறியிருக்கலாம்."

"முடியாது குர்மீத்."

"தெரியும்," என்றான். பஸ் வரும்வரை நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு வேலை கிடைக்க நாளாயிற்று. ஆனால் அவன் விரும்பிய வேலையே கிடைத்தது, பம்பாயில்.

நான் ஹோட்டல் ஹோட்டலாக ஏறி இறங்கினேன். பெரிய இடங்களில் என் பெயரைச் சொன்னதுமே, "ஓ, விருந்தாளிகளை விரட்டின பெண்ணா?" என்று சிரித்தார்கள். அதன்பிறகு ஒரு முடிவுக்கு வந்தேன். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே அந்தக் கதையைச் சொல்லிவிடுவது. பிடித்தால் எடுத்துக்கொள்ளட்டும், இல்லையென்றால் அடுத்த கதவு. பஹார்கஞ்சில் வெளிநாட்டு டூரிஸ்ட்டுகள் தங்கும் ஒரு சின்ன ஹோட்டல். மதிய நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் வயதான பஞ்சாபிக்காரர், கல்லாவுக்குப் பின்னால் நின்றபடியே முழுக் கதையையும் கேட்டார்.

"யாருக்காவது உடம்பு கெட்டுதா?"

"இல்லை சார்."

"மறுபடியும் அந்த மாதிரி வந்தா?"

"மறுபடியும் நிறுத்துவேன்."

தாடியைத் தடவிக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "சரி, மொட்டை மாடிக்குப் போய் எங்க தண்ணித் தொட்டியைப் பாத்துட்டு வா."

புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு இரும்பு ஏணியில் ஏறினேன். தொட்டியின் மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் புறா இறகுகள் மிதந்தன, இறகுகள் மட்டுமல்ல, எச்சமும். கீழே இறங்கி வந்தபோது சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைக்காரர்கள் சிலர் பசியோடு மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், இன்னிக்கு மதியச் சாப்பாடு லேட்டாகும்," என்றேன்.

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படின்னா நீயே போய்ச் சொல்லு."

போய்ச் சொன்னேன்.